வலியைப் பொறுத்தால் முதுகு நிமிருமா? ஆழ்திசு மசாஜ் குறித்து ஆய்வுகள் சொல்வது என்ன?

புதுதில்லி: நாள் முழுவதும் கணினியின் முன் அமர்ந்து பணியாற்றுவோருக்குக் கழுத்து இறுக்கமும் தோள்பட்டை வலியும் அன்றாடத் துணையாகிவிட்டன. இவற்றுக்குத் தீர்வாகவும், கூன் விழுந்த உடலை நிமிர்த்தும் வழியாகவும் 'டீப் டிஷ்யூ மசாஜ்' எனப்படும் ஆழ்திசு மசாஜ் பெருநகரங்களின் உடல்நல மையங்களிலும் ஸ்பாக்களிலும் முன்வைக்கப்படுகிறது. முழங்கையால் அழுத்தும்போது கண்ணீர் வரும் அளவுக்கு வலித்தாலும், அந்த வலியே பலனுக்கு அடையாளம் என்று நம்பிப் பலர் பொறுத்துக்கொள்கின்றனர்.

இந்த நம்பிக்கைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. இத்தகைய மசாஜ் தற்காலிக நிம்மதி தரக்கூடும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. ஆனால் உடலின் அமைப்பை அது நிலையாக மாற்றியமைக்கிறது என்பதற்கும், வலி கூடக் கூடப் பலனும் கூடும் என்பதற்கும் உறுதியான சான்று கிடையாது. சில உடல்நிலைகளில் வலுவான அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக முடிந்துள்ளது. இந்த முறை எங்கிருந்து வந்தது, உடலில் என்ன செய்கிறது, யார் தவிர்க்க வேண்டும் என்பன குறித்து விரிவாகக் காண்போம்.

ஆழ்திசு மசாஜ் என்றால் என்ன?

வழக்கமான எண்ணெய் மசாஜில் உள்ளங்கையால் நீளமாகவும் மென்மையாகவும் தேய்த்துவிடுவது வழக்கம். ஆழ்திசு மசாஜில் விரல் நுனி, விரல் மூட்டு, முன்கை, முழங்கை ஆகியவற்றால் குறிப்பிட்ட இடத்தில் மெதுவாகவும் வலுவாகவும் அழுத்தப்படுகிறது. கை வழுக்காமல் இருப்பதற்காக எண்ணெய் குறைவாகவே பயன்படுத்தப்படும். தோலுக்கு அடியில் உள்ள மேல்தசைகளைக் கடந்து, அவற்றின் கீழுள்ள தசைகளையும் தசைகளைச் சுற்றியுள்ள உறையையும் எட்டுவதே இதன் நோக்கமாகக் கூறப்படுகிறது.

தசைகளைச் சுற்றியுள்ள அந்த உறைக்கு 'ஃபேஷியா' என்று பெயர். தமிழில் இதனைத் திசுப்படலம் எனலாம். ஆரஞ்சுச் சுளைகளை மூடியிருக்கும் வெண்ணிறத் தோலைப் போல, உடலின் ஒவ்வொரு தசையையும் உறுப்பையும் மூடி, ஒன்றோடொன்று இணைத்து வைத்திருப்பது இந்தப் படலமே. கொலாஜன் எனும் புரத இழைகளால் ஆனது. ஆழ்திசு மசாஜைச் சுற்றியுள்ள கோட்பாடுகளில் பெரும்பாலானவை இந்தப் படலத்தை மையமாகக் கொண்டவை.

ரோல்ஃபிங் உருவான வரலாறு

உடல் நிமிர்வுக்காகச் செய்யப்படும் தீவிர அழுத்த முறைகளில் உலக அளவில் அதிகம் அறியப்பட்டது 'ரோல்ஃபிங்'. இதை உருவாக்கியவர் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1896-ஆம் ஆண்டு பிறந்த ஐடா ரோல்ஃப். இவர் மருத்துவர் அல்லர், உயிர்வேதியியலாளர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1920-ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்று, ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். பெண்கள் அறிவியல் ஆய்வுக்கூடங்களில் அரிதாகவே காணப்பட்ட காலம் அது.

எலும்பு, மூட்டுகளைக் கையால் சரிசெய்யும் ஆஸ்டியோபதி முறையும் யோகாசனப் பயிற்சியும் அவரது சிந்தனையில் செல்வாக்குச் செலுத்தின. புவியீர்ப்பு விசை மனித உடல் மீது இடையறாது செயல்படுகிறது; தலை, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவை ஒரே நேர்க்கோட்டில் அமையாவிட்டால் அந்த விசையை எதிர்த்து உடல் ஓயாமல் போராட வேண்டியிருக்கும்; சுருங்கி இறுகிய திசுப்படலத்தை அழுத்தி நீட்டினால் உடல் மீண்டும் நேராகும் என்பது அவரது கோட்பாட்டின் சாரம். தமது முறைக்கு 'கட்டமைப்பு ஒருங்கிணைப்பு' என்றே அவர் பெயரிட்டார். 1960-களில் கலிபோர்னியாவின் எசலன் மையத்தில் அவர் பயிற்சி அளித்தபோது, அங்கு வந்தவர்கள் அவரது பெயரை வைத்தே அதனை 'ரோல்ஃபிங்' என அழைக்கத் தொடங்கினர்; அப்பெயரே நிலைத்தது. 1977-ஆம் ஆண்டு தமது முறையை விளக்கும் நூலை வெளியிட்ட அவர், 1979-ஆம் ஆண்டு காலமானார்.

பத்து அமர்வுகளில் நடப்பவை

ரோல்ஃபிங் முறை பத்து அமர்வுகளைக் கொண்ட தொடராக வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் அமர்வும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை நீடிக்கும்.

முதல் மூன்று அமர்வுகள் மேலடுக்குத் திசுக்களுக்கானவை. முதல் அமர்வில் மார்புக்கூடும் மூச்சும், இரண்டாவதில் பாதமும் கணுக்காலும், மூன்றாவதில் உடலின் பக்கவாட்டுப் பகுதியும் கவனிக்கப்படுகின்றன. நான்காவது முதல் ஏழாவது வரையிலான அமர்வுகள் உள்ளடுக்குகளுக்கானவை. உள்தொடை, இடுப்பு, வயிறு, முதுகு எனப் படிப்படியாக நகர்ந்து, ஏழாவது அமர்வில் கழுத்து, தலை, தாடை ஆகியவற்றை அடைகிறது. அப்போது கையுறை அணிந்த விரலால் வாயின் உட்புறத் தசைகளை அழுத்துவதும் உண்டு. எஞ்சிய மூன்று அமர்வுகளில் முழு உடலின் அசைவும் ஒருங்கிணைக்கப்படுவதாகக் கூறப்படுகிறது.

தொடரின் தொடக்கத்திலும் முடிவிலும் வாடிக்கையாளரை நிற்கவைத்துப் புகைப்படம் எடுப்பது இம்முறையின் பழைய வழக்கம். இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மாற்றம் பளிச்செனத் தெரியும். ஆனால், படம் எடுக்கப்படும் நேரத்தில் ஒருவர் எவ்வாறு நிற்கிறார் என்பது அவரது மனநிலை, எதிர்பார்ப்பு, அந்த நேரத்து உடல் தளர்வு ஆகியவற்றைப் பொறுத்து மாறக்கூடியது. நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற நினைவே ஒருவரை நிமிரச் செய்துவிடும். சில வாரங்கள், மாதங்கள் கழித்தும் அந்த மாற்றம் நீடிக்கிறதா என்பதை இத்தகைய படங்களால் நிறுவ முடியாது.

அழுத்தும்போது படலம் நீள்கிறதா?

கையால் அழுத்தித் திசுப்படலத்தை நீட்டவோ, அதன் வடிவத்தை மாற்றவோ முடியுமா என்பதே இந்த விவகாரத்தின் அடிப்படைக் கேள்வி. இதற்குக் கணித வழியில் விடை காண முயன்ற ஆய்வு ஒன்று 2008-ஆம் ஆண்டு அமெரிக்க ஆஸ்டியோபதி சங்கத்தின் இதழில் வெளியானது. ஹன்ஸ் சௌத்ரி தலைமையிலான குழுவினர் தொடையின் வெளிப்புறப் படலத்தையும் உள்ளங்காலின் படலத்தையும் எடுத்துக்கொண்டு, கையால் தரப்படும் அழுத்தத்தில் அவை எந்த அளவு உருமாறும் எனக் கணக்கிட்டனர். அவற்றில் வெறும் 1 சதவீத மாற்றத்தை ஏற்படுத்துவதற்கே மனித உடலுக்கு இயல்பான வரம்பைத் தாண்டிய விசை தேவைப்படும் என்பது அவர்களது முடிவு. மூக்குப் பகுதியில் உள்ளது போன்ற மென்மையான படலம் மட்டுமே வலுவான அழுத்தத்துக்கு ஓரளவு நெகிழும் எனவும் அவர்கள் கண்டறிந்தனர்.

அந்த ஆய்வுக் குழுவில் இடம்பெற்றிருந்த ஜெர்மனியைச் சேர்ந்த ராபர்ட் ஷ்லைப் தாமே ரோல்ஃபிங் பயிற்றுநர் என்பது குறிப்பிடத்தக்கது. அழுத்தத்தின்போது கைக்குக் கீழே திசு இளகுவதைப் போல உணரப்படுவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டிலேயே அவர் எழுதினார். திசுப்படலத்தில் அழுத்தத்தையும் இழுவிசையையும் உணரும் நரம்பு முனைகள் ஏராளமாக உள்ளன. மெதுவான, ஆழமான அழுத்தம் அவற்றைத் தூண்டுகிறது. அச்செய்தியைப் பெறும் நரம்பு மண்டலம் தசைகளின் இறுக்கத்தைக் குறைக்கிறது என்பது அவர் முன்வைத்த விளக்கம்.

எளிமையாகச் சொன்னால், மசாஜ் மேசையிலிருந்து எழும்போது உடல் லேசாகவும் நிமிர்ந்தும் இருப்பதாக உணர்வது பொய் அல்ல. ஆனால் அந்த மாற்றம் திசுவின் வடிவத்தில் நிகழ்ந்தது என்பதைவிட, தசைகளை இயக்கும் நரம்புகளின் செயல்பாட்டில் நிகழ்ந்தது என்று கருதவே சான்றுகள் இடமளிக்கின்றன. எனவேதான் அந்த உணர்வு சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ மறைந்து, பழைய இறுக்கம் திரும்பிவிடுகிறது.

'நச்சு வெளியேறும்' என்ற கூற்று

அழுத்தித் தேய்ப்பதால் தசைகளில் தேங்கிய லாக்டிக் அமிலமும் நச்சுப்பொருள்களும் வெளியேறுகின்றன என்பது மசாஜ் மையங்களில் பரவலாகக் கேட்கப்படும் கூற்று. கடுமையான உடற்பயிற்சியில் உருவாகும் லாக்டிக் அமிலத்தைச் சிறிது நேரத்திலேயே உடல் தானாக அகற்றிவிடுகிறது. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை நேரடியாகச் சோதித்தனர். பயிற்சி முடிந்த உடனே தரப்பட்ட மசாஜ், தசைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைத் தடைசெய்து, அமிலம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தியதையே அவர்கள் கண்டனர்.

அதேவேளையில், மசாஜுக்கு உயிரியல் விளைவே இல்லை என்றும் கூறிவிட முடியாது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 11 இளைஞர்களைக் கடுமையாகப் பயிற்சி செய்யவைத்து, ஒரு காலுக்கு மட்டும் மசாஜ் அளித்தனர். இரு கால்களின் தசையிலிருந்தும் எடுக்கப்பட்ட சிறு மாதிரிகளை ஒப்பிட்டபோது, மசாஜ் பெற்ற காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. லாக்டிக் அமிலத்தின் அளவில் மட்டும் வேறுபாடு இல்லை. 2012-ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வு மிகச் சிறியது என்றாலும், மசாஜால் நிம்மதி கிடைப்பதற்கு 'நச்சு நீக்கம்' அல்லாத வேறு விளக்கங்கள் உள்ளன என்பதைக் காட்டுகிறது.

வலித்தால்தான் பலன் கிடைக்குமா?

ஓரிடத்தில் கடும் வலியை ஏற்படுத்தினால் உடலின் மற்ற இடங்களில் உள்ள வலி சிறிது நேரம் மங்கும். மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் வலிச் செய்திகளை அடக்குவதே இதற்குக் காரணம். தலைவலிக்கும்போது கையைக் கிள்ளிக்கொண்டால் கவனம் மாறுவதைப் போன்றது இது. முழங்கையால் அழுத்தியதும் தோள்பட்டை வலி குறைந்ததாகத் தோன்றுவதில் இந்த இயக்கத்துக்கும் பங்கு உண்டு. வலி அடங்கியதால் பழுது நீங்கிவிட்டது என்று பொருளாகாது.

தாங்க முடியாத வலிக்கு எதிர்வினையும் உண்டு. மூச்சு அடைபடும், கைவிரல்கள் இறுகும், தசைகள் தற்காப்புக்காக மேலும் சுருங்கும். எந்த இறுக்கத்தைத் தளர்த்துவதற்காக மேசையில் படுத்தாரோ அந்த இறுக்கமே அப்போது கூடிவிடுகிறது. 'வலி இருக்கலாம், ஆனால் இயல்பாக மூச்சுவிட முடிய வேண்டும்' என்பது எளிய அளவுகோல். மூச்சைப் பிடித்துக்கொள்ள நேர்ந்தால் அழுத்தம் வரம்பைக் கடந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஆய்வு முடிவுகள்

முதுகுவலிக்கு மசாஜ் எந்த அளவு உதவுகிறது என்பதை மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-ஆம் ஆண்டு ஆராய்ந்தது. 3,096 பேர் பங்கேற்ற 25 ஆய்வுகள் இதற்காகப் பரிசீலிக்கப்பட்டன. குறுகிய காலத்துக்கு வலி குறைவது சில ஆய்வுகளில் தெரிந்தது. நீண்டகாலப் பலன் தெளிவாகவில்லை. ஆய்வுகளின் தரம் குறைவாக இருந்ததால், மசாஜ் பலனளிக்கும் சிகிச்சை என்பதில் மிகக் குறைந்த நம்பிக்கையே உள்ளதாக அந்தத் தொகுப்பு முடிவுரைத்தது. கடுமையான பக்கவிளைவுகள் அந்த ஆய்வுகளில் பதிவாகவில்லை. சிலருக்கு வலி கூடியது மட்டும் பதிவாகியிருந்தது.

விளையாட்டுத் துறையிலும் இதே நிலைதான். 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பிரிட்டன் ஆய்வாளர்கள் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, மசாஜால் வலிமை, வேகம், தாக்குப்பிடிக்கும் ஆற்றல் ஆகியவை கூடவில்லை. நெகிழ்வுத்தன்மையும், பயிற்சிக்குப் பின் வரும் தசைவலியும் மட்டுமே சிறிதளவு மேம்பட்டன.

ரோல்ஃபிங் குறித்த நல்ல ஆய்வுகள் குறைவு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நீண்டகால முதுகுவலி உள்ள 46 பேரிடம் நடத்தப்பட்டு 2015-ஆம் ஆண்டு வெளியான முன்னோட்ட ஆய்வு அவற்றில் ஒன்று. வழக்கமான மறுவாழ்வுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களும், அதனுடன் ரோல்ஃபிங் வகை அமர்வுகளும் பெற்றவர்களும் ஒப்பிடப்பட்டனர். வலி குறைந்த அளவில் இரு பிரிவினருக்கும் இடையே புள்ளியியல் அடிப்படையில் உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. ஆனால் அன்றாடச் செயல்களைச் செய்யும் திறனில் இரண்டாம் பிரிவினர் சற்று முன்னேறியிருந்தனர். சிறிய ஆய்வு என்பதால் இதனை இறுதி முடிவாகக் கொள்ள இயலாது.

ஆஸ்திரேலிய அரசு 17 இயற்கைச் சிகிச்சை முறைகளை மறுஆய்வு செய்து 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், ரோல்ஃபிங் முறையின் பலனுக்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை எனத் தெரிவித்தது. அதன் தொடர்ச்சியாக, 2019 ஏப்ரல் 1 முதல் அரசு மானியம் பெறும் தனியார் மருத்துவக் காப்பீட்டின் பயன்களிலிருந்து ரோல்ஃபிங் உள்ளிட்ட 16 முறைகள் நீக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் யோகாவும் இடம்பெற்றிருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நீண்டகால முதுகுவலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கமளித்தல், உளவியல் ஆலோசனை ஆகியவற்றுடன் மசாஜையும் நிபந்தனையுடன் பரிசீலிக்கலாம் என அது கூறுகிறது. இடுப்புப் பட்டை, இழுவை சிகிச்சை, ஓபியாய்டு வகை வலிநிவாரணிகள் ஆகியவை பரிந்துரைக்கப்படவில்லை. மசாஜை மட்டும் நம்பியிருக்காமல் பல முறைகளை இணைத்துப் பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. உலகில் 2020-ஆம் ஆண்டு 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியால் பாதிக்கப்பட்டிருந்தனர் என்பதும், 2050-க்குள் இந்த எண்ணிக்கை 84.3 கோடியாக உயரும் எனக் கணிக்கப்பட்டிருப்பதும் இந்த வழிகாட்டுதலின் பின்னணியாகும்.

கூன்தான் வலிக்குக் காரணமா?

ஆழ்திசு மசாஜ் விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே தர்க்கத்தைப் பின்பற்றுகின்றன: தவறான நிலையில் அமர்வதால் வலி வருகிறது, நிலையைச் சரிசெய்தால் வலி போகும். இந்த முதல் கூற்றே இன்று கேள்விக்குள்ளாகியுள்ளது. எலும்பியல், விளையாட்டு இயன்முறை மருத்துவ இதழ் ஒன்றில் 2019-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் எழுதிய கட்டுரை, எல்லோருக்கும் பொருந்தும் ஒரே 'சரியான' அமர்வு நிலை என்று ஒன்று இல்லை எனச் சுட்டிக்காட்டியது. கூனி அமரும் பலருக்கு வலி இல்லை. நிமிர்ந்து அமரும் பலருக்கு வலி உள்ளது.

கைப்பேசியைக் குனிந்து பார்க்கும்போது கழுத்தின் மீது 27 கிலோ எடை ஏறுகிறது என்ற செய்தி சமூக ஊடகங்களில் அடிக்கடி வலம்வருகிறது. 2014-ஆம் ஆண்டு அமெரிக்க அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் கணினி மாதிரியின் உதவியுடன் செய்த கணக்கீடு அது. தலை 60 டிகிரி குனியும்போது கழுத்து எலும்புகள் தாங்கும் விசையை அவர் கணக்கிட்டார். குனிந்து பார்த்தவர்களுக்கு வலி வந்ததா என்பது அதில் ஆராயப்படவில்லை.

நிலையைவிட அசைவின்மையே பெரிய சிக்கல் என்பது நிபுணர்களிடையே வலுப்பெற்றுவரும் கருத்து. எந்த நிலையிலும் மணிக்கணக்கில் அசையாதிருந்தால் தசைகள் களைத்து இறுகும். இந்தியாவுக்கு இது மிகவும் பொருந்தும். 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2024-ஆம் ஆண்டு வெளியான மதிப்பீட்டின்படி, போதிய உடலியக்கம் இல்லாத இந்தியர்களின் விகிதம் 2000-ஆம் ஆண்டில் சுமார் 22 சதவீதமாக இருந்து, 2022-இல் ஏறக்குறைய 50 சதவீதமாக உயர்ந்துள்ளது. பெண்களில் இது 57 சதவீதம்.

உயிருக்கு ஆபத்தாகும் தருணங்கள்

உடல் நலமுள்ள ஒருவருக்கு ஆழ்திசு மசாஜால் வரும் பாதிப்பு பெரும்பாலும் ஓரிரு நாள் வலியும் தோலில் கன்றிய தழும்பும்தான். ஆனால் உள்ளே வேறொரு நோய் மறைந்திருந்தால் நிலைமை மாறுகிறது.

தில்லியில் நிகழ்ந்து, எய்ம்ஸ் மருத்துவர்கள் மருத்துவ-சட்ட இதழ் ஒன்றில் பதிவுசெய்த மரணம் இதற்கு உதாரணம். விளையாட்டில் கணுக்காலில் காயமடைந்த 23 வயது இளைஞருக்குக் கட்டுப் போடப்பட்டிருந்தது. அசைவின்றி இருந்த காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து கட்டியானது. கட்டைப் பிரித்த பின்னரும் காலில் வலியும் வீக்கமும் நீடித்தன. மகனின் வலி தீரட்டும் என்று தாயார் எண்ணெய் தடவிக் காலை அழுத்தித் தேய்த்துவிட்டார். உறைந்திருந்த இரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்ததில் அந்த இளைஞர் உயிரிழந்தார். அன்புடன் செய்யப்பட்ட ஒரு வீட்டு வைத்தியம்தான் அது. ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும் வெப்பமும் இருந்தால், தேய்ப்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டுவது அவசியம் என்பதையே இந்நிகழ்வு உணர்த்துகிறது.

கழுத்துப் பகுதி மற்றோர் அபாய இடம். முடிதிருத்தும் நிலையங்களில் மசாஜின் முடிவில் கழுத்தைச் சட்டெனத் திருப்பிச் 'சொடக்கு' எடுக்கும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் உள்ளது. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் இரு தமனிகள் கழுத்து எலும்புகளில் உள்ள துளைகளின் வழியே செல்கின்றன. திடீர்த் திருப்பத்தில் தமனியின் உட்சுவர் கிழிந்தால், அங்கு உறையும் இரத்தம் மூளைக்குச் சென்று பக்கவாதத்தை ஏற்படுத்தக்கூடும். கழுத்து மசாஜுக்கும் சொடக்குக்கும் பின்னர் பக்கவாதமோ நரம்புப் பாதிப்போ ஏற்பட்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் குறித்து தில்லி, பெங்களூரு உள்ளிட்ட நகரங்களிலிருந்து செய்திகள் வெளிவந்துள்ளன.

மிக அரிதாக, நீண்ட நேரம் கடுமையாக அழுத்தப்பட்ட தசை சிதைந்து, அதன் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதித்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மசாஜுக்குப் பின் சிறுநீர் தேநீர் நிறத்தில் வெளியேறுவது இதன் முக்கிய அறிகுறி.

யார் தவிர்க்க வேண்டும்?

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோர், காலில் இரத்தக்கட்டி இருப்போர் அல்லது முன்பு இருந்தோர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் அல்லது எலும்பு முறிந்தோர், எலும்பு அடர்த்திக் குறைவு உள்ள முதியோர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், கர்ப்பிணிகள், காய்ச்சலோ தோல் தொற்றோ உள்ளோர் ஆகியோர் மருத்துவரின் ஆலோசனையின்றி ஆழ்திசு மசாஜை மேற்கொள்ளக் கூடாது. நீரிழிவால் பாதங்களில் உணர்வு குறைந்தோருக்கு அழுத்தம் வரம்பு மீறுவதே தெரியாது என்பதால் அவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

முதுகுவலியுடன் காலில் பலவீனம், தொடை இடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, காரணமற்ற எடைக் குறைவு, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மசாஜ் மையத்துக்கு அல்ல, மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

இந்திய மரபும் இன்றைய உரிமமும்

உடலை அழுத்திப் பிடித்துவிடும் கலை இந்தியாவுக்குப் புதிதன்று. வட இந்தியாவின் மல்யுத்தக் களங்களில் மாலிஷ், கேரளத்தின் களரிகளில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்துத் தேய்க்கும் சவிட்டி உழிச்சில், சித்த மருத்துவத்தில் தொக்கணம் எனப் பல வடிவங்களில் அது வழங்கிவருகிறது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலுடன் கூடிய மசாஜ் நிலையம் நடத்தி, அந்நாட்டு மன்னர்களுக்கே சேவையாற்றினார். இந்தியில் அழுத்தித் தேய்ப்பதைக் குறித்த சொல்லே 'ஷாம்பு' என ஆங்கிலத்தில் நுழைந்தது.

தகுதியைப் பொறுத்தவரை, இயன்முறை மருத்துவம் 2021-ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் சுகாதாரப் பணியாளர்கள் ஆணையச் சட்டத்தின்கீழ் வரும் தொழிலாகும். சித்த, ஆயுர்வேத மருத்துவர்களுக்கும் பட்டப்படிப்பும் பதிவும் கட்டாயம். ஸ்பா ஒன்றின் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் உள்ளாட்சி உரிமமோ வணிகம் நடத்துவதற்கான அனுமதி மட்டுமே. அங்கு பணியாற்றுவோர் நோயைக் கண்டறியவோ சிகிச்சை அளிக்கவோ தகுதி பெற்றவர்கள் என்பதற்கு அது சான்றாகாது.

செல்வதற்கு முன் கேட்க வேண்டியவை

ஆழ்திசு மசாஜை முயன்று பார்க்க விரும்புவோர் சிலவற்றைக் கவனத்தில் கொள்ளலாம். அழுத்தத்தைத் தொடங்கும் முன் பணியாளர் உடல்நிலை, மருந்துகள், பழைய காயங்கள் பற்றிக் கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். கேட்காவிட்டால் தாமாகவே தெரிவிக்க வேண்டும். அவர் எங்கே, எவ்வளவு காலம் பயின்றார் என்று வினவுவதில் தவறில்லை. 'குறைத்து அழுத்துங்கள்', 'போதும், நிறுத்துங்கள்' என்று சொன்னதும் கேட்பவரே நல்ல பணியாளர். 'வலித்தால்தான் சரியாகும்' என்று தொடர்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது. கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்க வேண்டாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பத்து, இருபது அமர்வுகளுக்கு ஒரே தவணையில் பணம் கட்டும் திட்டங்களை ஏற்பதற்கு முன், ஓரிரு அமர்வுகளுக்குப் பின் அன்றாட வேலைகளில் மாற்றம் தெரிகிறதா என்று பார்க்கலாம். படி ஏறுவது, குழந்தையைத் தூக்குவது, இரவில் புரண்டு படுப்பது போன்றவை புகைப்படத்தைவிட நம்பகமான அளவுகோல்கள்.

மசாஜால் கிடைக்கும் தளர்வு நீடிப்பது, அந்த இடைவெளியில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. வலி குறைந்திருக்கும் அந்த ஓரிரு நாள்களில் நடைப்பயிற்சியையும் முதுகு, தோள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளையும் தொடங்கினால் பலன் நிலைக்க வாய்ப்புண்டு. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்திலும், குறைந்தது இரு நாள்கள் தசை வலுவூட்டும் பயிற்சியிலும் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நாற்காலியிலிருந்து எழுந்து சில அடிகள் நடப்பதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.